முன்பக்கக் கூட்டமும் கமிஷன் பணமும்: டிக் தளத்தை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

2006 ஜூலையில் ஜேசன் கலகானிஸ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பழைய நெட்ஸ்கேப் தளத்தை ஏஓஎல் நிறுவனம் அப்போதுதான் புது வடிவத்துக்கு மாற்றியிருந்தது. வாசகர்களே லிங்க் போடுவார்கள், வாசகர்களே ஓட்டுப் போடுவார்கள். அதை நடத்தும் பொறுப்பில் இருந்தவர் அவர். டிக், ரெடிட், டெலிஷியஸ் போன்ற தளங்களில் அதிகமாக லிங்க் பகிரும் முன்னணி உறுப்பினர்கள் தன்னிடம் வந்து அதே வேலையைச் செய்தால் மாதம் 1,000 டாலர் தருவதாகச் சொன்னார். லிங்க் பகிர்வதும் உழைப்புதான், அதற்குச் சம்பளம் உண்டு என்று ஒரு பெரிய நிறுவனம் பகிரங்கமாகச் சொன்னது இணையத்தில் பெரிய சர்ச்சையானது. காரணம், அந்த உறுப்பினர்களை வைத்து வளர்ந்த டிக் தளம் அவர்களுக்கு ஒரு காசும் கொடுத்ததில்லை.

அந்தச் சர்ச்சையை விட எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குள் இருக்கும் இன்னொரு கேள்வி. ஒரே நாளில் ஆயிரக்கணக்கானவர்களை ஒரு பக்கத்துக்கு அனுப்பத் தெரிந்த ஒருவர், சம்பளத்தை எதிர்பார்க்காமல், அஃபிலியேட் கமிஷன் (தன் லிங்க் வழியாகப் போனவர் வாங்கினால் கடை தரும் பங்கு) மூலம் தானே நிலையான வருமானம் பார்க்க முடியுமா? இன்றும் பலர் இந்த நம்பிக்கையில்தான் ரெடிட்டிலும் மற்ற தளங்களிலும் கணக்குத் தொடங்குகிறார்கள். டிக்கின் எட்டு வருட வரலாறு இதற்குக் கிட்டத்தட்ட முழுப் பதிலையும் வைத்திருக்கிறது. அதையே முதுகெலும்பாக எடுத்துக்கொண்டு, தேவையான இடங்களில் ரெடிட், பின்ட்ரெஸ்ட், ஹேக்கர் நியூஸ் பக்கமும் போய் வரலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பாதிக்க முடியும். ஆனால் கூட்டத்தைத் துரத்துகிறவருக்கு அது கிடைப்பது அபூர்வம். வாங்குவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் கொஞ்சம் பேரைச் சரியான இடத்தில் சந்திப்பதும், அவர்கள் கடைக்குப் போகும் முன் கடைசியாகப் படிக்கும் பக்கம் நம்முடையதாக இருப்பதும்தான் வருமானத்தைத் தீர்மானிக்கிறது.

களம்

டிக் 2004 டிசம்பரில் கெவின் ரோஸும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய தளம். அதற்கு முன்பே 1997 முதல் ஸ்லாஷ்டாட் இருந்தது. அங்கே வாசகர்கள் செய்தி அனுப்பலாம், ஆனால் எது வெளிவர வேண்டும் என்று ஆசிரியர்கள் முடிவு செய்வார்கள். டிக் அந்த ஆசிரியரை எடுத்துவிட்டது. போதுமான ஓட்டு விழுந்தால் செய்தி தானாக முன்பக்கத்துக்கு ஏறும். 2005 ஜூனில் ஸ்டீவ் ஹஃப்மனும் அலெக்சிஸ் ஒஹானியனும் ரெடிட்டைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே கோண்டே நாஸ்ட் என்ற பத்திரிகைக் குழுமம் அதை வாங்கியது. 2007 பிப்ரவரியில், புது நிறுவனங்களில் முதலீடு செய்யும் ஒய் காம்பினேட்டரின் பால் கிரஹாம் ஹேக்கர் நியூஸை ஆரம்பித்தார். அதே ஆண்டு ஸ்டம்பிள்அப்பானை ஈபே 7.5 கோடி டாலருக்கு வாங்கியது. லிங்க் பகிரும் தளங்களுக்குச் சந்தையில் நல்ல மவுசு இருந்த காலம்.

டிக்கின் முன்பக்கத்தில் ஒரு சின்னத் தளத்தின் லிங்க் ஏறினால், குவியும் கூட்டம் தாங்காமல் அதன் சர்வர் படுத்துவிடும். இதற்கு ‘டிக் எஃபெக்ட்’ என்றே பெயர் வைத்தார்கள். இந்தக் கூட்டத்தில் நூற்றில் ஒருவர் வாங்கினால்கூடப் போதுமே என்று கணக்குப் போட்டவர்களின் தொழில் அங்கேதான் பிறந்தது.

ஒரு கிளிக்குக்குள் என்ன நடக்கிறது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அஃபிலியேட் பணம் எப்படி நகர்கிறது என்பது புரியாமல் மீதிக் கதை புரியாது.

அமேசான் 1996 ஜூலையில் தன் அசோசியேட்ஸ் திட்டத்தைத் தொடங்கியது. இன்றுவரை பெரும்பாலானவர்கள் முதலில் சேர்வது அதில்தான். சேர்ந்தவருக்கு ஓர் அடையாளக் குறி கிடைக்கும். பொருளின் முகவரிக்குப் பின்னால் அந்தக் குறி ஒட்டிக்கொள்ளும். யாராவது அந்த லிங்க்கை அழுத்தினால் அவருடைய பிரவுசரில் குறி பதிவாகிறது. அடுத்த 24 மணி நேரத்துக்குள் அவர் வாங்கினால் கமிஷன் நமக்கு. கூடையில் போட்டுவிட்டுப் போனால் அந்தப் பொருளுக்கு மட்டும் வழக்கமாக 90 நாள் வரை அவகாசம் நீளும். இடையில் அவர் வேறொருவரின் லிங்க்கை அழுத்திவிட்டால் நம் குறி போய்விடும், அவருடையது வந்துவிடும். ஆர்டர் போட்டு முடித்துவிட்டாலும் நம் கணக்கு அத்தோடு சரி.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. நாம் புத்தகத்துக்கு லிங்க் கொடுத்து, வந்தவர் புத்தகத்தை விட்டுவிட்டுக் கேமரா வாங்கினால் கேமராவுக்கும் கமிஷன் வரும். முன்பக்கக் கூட்டத்தை நம்பினவர்கள் இதைத்தான் பெரிதாக நம்பினார்கள். எதையோ வாங்குவார்கள், வந்தால் போதும் என்ற எண்ணம்.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்டவை. வேடிக்கையான ஒரு கட்டுரை முன்பக்கம் ஏறி 10,000 பேர் வருகிறார்கள். அவர்கள் வந்தது படித்துவிட்டுச் சிரிக்க. அதில் 2 சதவீதம், அதாவது 200 பேர் கடைக்குப் போகிறார்கள். போனவர்களில் 3 சதவீதம், அதாவது 6 பேர் வாங்குகிறார்கள். ஆளுக்கு 40 டாலர், கமிஷன் 4 சதவீதம். கையில் வருவது 9 டாலர் 60 சென்ட். இன்னொரு பக்கம், “எந்த மைக் வாங்கலாம்” என்று கேட்ட ஒருவருக்கு எழுதிய பதில் வழியாக 100 பேர் மட்டும் வருகிறார்கள். ஏற்கெனவே மைக் தேடிக்கொண்டிருப்பவர்கள் என்பதால் 30 பேர் கடைக்குப் போய், 3 பேர் வாங்குகிறார்கள். அதே விலை, அதே விகிதம். 4 டாலர் 80 சென்ட். நூறில் ஒரு பங்கு கூட்டம், பாதிப் பணம். அந்த நூறு பேர் அடுத்த மாதமும் வருவார்கள், தேடல் வழியாக. பத்தாயிரம் பேர் மறுநாளே போய்விடுவார்கள்.

எண்களை நீங்கள் எப்படி மாற்றிப் போட்டாலும் சரி, ஒரு விஷயம் மாறாது. சமூகச் செய்தித் தளத்தின் முன்பக்கத்துக்கு மக்கள் வருவது பொழுதுபோக்க, வாதம் செய்ய, புதிதாக ஏதாவது தெரிந்துகொள்ள. பர்ஸை எடுக்கும் மனநிலையில் யாரும் அங்கே வருவதில்லை.

இன்னொன்று: டாஷ்போர்டில் தெரிகிற தொகை கைக்கு வந்த பணம் ஆகாது. வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் கமிஷனும் திரும்பிப் போகும். அமேசான் வழக்கமாக மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்துத்தான் பணம் கொடுக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர் 180 நாளுக்குள் தகுதியான மூன்று விற்பனையாவது காட்டாவிட்டால் கணக்கையே மூடிவிடும். தானே தன் லிங்க்கில் வாங்கினால் அது கணக்கில் சேராது.

முதல் பத்து ஓட்டு

கூட்டம் வேண்டும் என்றால் முன்பக்கம் வேண்டும். முன்பக்கம் வேண்டும் என்றால் ஓட்டு வேண்டும். எத்தனை ஓட்டு என்பதை விட எப்போது விழுகிற ஓட்டு என்பதுதான் சூட்சுமம்.

2008ல் ரெடிட் தன் நிரலை வெளியிட்டபோது வரிசைப்படுத்தும் சூத்திரத்தை எல்லோரும் பார்க்க முடிந்தது. ஆதரவு ஓட்டிலிருந்து எதிர் ஓட்டைக் கழித்து, அதற்குப் பத்தை அடியாகக் கொண்ட மடக்கை (லாகரிதம்) எடுக்கிறார்கள். பதிவிட்ட நேரத்தை நொடிகளில் எடுத்து 45,000ஆல் வகுக்கிறார்கள். இரண்டையும் கூட்டினால் வருவது அந்தப் பதிவின் இடம். மடக்கை என்பதால் முதல் பத்து ஓட்டுக்கு என்ன எடையோ, அதே எடைதான் அடுத்த தொண்ணூறு ஓட்டுக்கும், அதற்கடுத்த தொள்ளாயிரம் ஓட்டுக்கும். 45,000 நொடி என்றால் பன்னிரண்டரை மணி நேரம். பன்னிரண்டரை மணி நேரம் பழையதாகிப்போன ஒரு பதிவு புதிய பதிவோடு போட்டி போட வேண்டுமானால் அதைப்போல் பத்து மடங்கு ஓட்டு வாங்கியிருக்க வேண்டும். ஹேக்கர் நியூஸும் வேறொரு சூத்திரத்தில் இதையே செய்கிறது. நேரம் ஆக ஆகப் பதிவு கீழே இழுக்கப்படும்.

இதைப் புரிந்துகொண்டவர்களுக்கு உடனே ஒன்று தோன்றும். ஆயிரம் பேரை மயக்கத் தேவையில்லை, முதல் அரை மணி நேரத்தில் பத்து நண்பர்கள் போதும். டிக்கில் இது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது. ஒருவருக்கொருவர் ஓட்டுப் போட்டுக்கொள்ளும் குழுக்கள் வந்தன. அடுத்து காசுக்கு ஓட்டு விற்கும் சேவைகள் வந்தன. 2007 மார்ச்சில் வயர்ட் பத்திரிகையில் எழுதிய ஒரு பத்திரிகையாளர், சோதித்துப் பார்ப்பதற்காகவே உருப்படியில்லாத ஒரு தளத்தை உருவாக்கி, அப்படி ஒரு சேவையிடம் ஓட்டு வாங்கி, டிக்கில் மேலே ஏற்றிக் காட்டினார்.

டிக் சும்மா இருக்கவில்லை. 2007 பிப்ரவரியில் முன்னணி உறுப்பினர்களின் பட்டியலைத் தளத்திலிருந்து எடுத்தது. யாரைப் பிடித்தால் காரியம் ஆகும் என்று வெளியாட்களுக்குக் காட்டிக்கொடுத்தது அந்தப் பட்டியல்தான். 2008 ஜனவரியில் அல்காரிதத்தை மாற்றியது. ஒரே கூட்டாளிகளிடமிருந்து வரும் ஓட்டுக்கு மதிப்புக் குறைந்தது, சம்பந்தமில்லாத பலரிடமிருந்து வந்தால் மதிப்புக் கூடியது. முன்னணி உறுப்பினர்கள் கொதித்தார்கள், புறக்கணிப்போம் என்றார்கள்.

அவர்களுடைய கோபத்தில் எனக்கு அனுதாபம் உண்டு. காசு வாங்காமல் இரவு பகலாக நல்ல லிங்க் தேடிப் பகிர்ந்த உண்மையான ஆட்களும் அதில் இருந்தார்கள். ஆனால் வருமானம் என்ற கோணத்தில் பார்த்தால் அன்று நடந்தது தெளிவான எச்சரிக்கை. ஓட்டுக் குழுவை நம்பிக் கட்டிய வருமானம் ஒரு நிரல் மாற்றத்தில் போய்விடும். யாரும் நமக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. புகார் கொடுக்க இடமும் இல்லை.

ரெடிட் பக்கம் இதைவிடக் கடுமையான நடவடிக்கை 2012 ஜூனில் வந்தது. தி அட்லாண்டிக், பிசினஸ்வீக், சயின்ஸ் டெய்லி, ஃபிஸ்ஆர்க் போன்ற பெயர் பெற்ற தளங்களின் லிங்க்குகளையே அது தற்காலிகமாகத் தடை செய்தது. ஏமாற்று வழியில் அவை தளத்தில் ஏற்றப்படுகின்றன என்பது காரணம். உள்ளடக்கம் நன்றாக இருந்ததா என்பது அங்கே கேள்வியாகவே எழவில்லை. ஒரு தளத்தின் முகவரி தடைப்பட்டியலில் விழுந்தால் அந்தத் தளத்தில் இருக்கும் நல்ல பக்கம், கெட்ட பக்கம் எல்லாம் சேர்ந்தே போகும். அஃபிலியேட் தொழில் செய்கிறவருக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது. கமிஷன் குறைந்தால் தாங்கலாம். முகவரி போனால் பல வருட வேலை போச்சு.

டிக் சரிந்த விதம்

2008ல் டிக்கை சுமார் 20 கோடி டாலருக்கு கூகுள் வாங்கப்போவதாகச் செய்திகள் வந்தன. அது நடக்கவில்லை. 2009 ஏப்ரலில் டிக்பார் வந்தது. டிக்கிலிருந்து கிளிக் செய்தால் நம் பக்கம் டிக்கின் சட்டகத்துக்குள் திறக்கும். மேலே டிக்கின் பட்டை, முகவரியில் டிக்கின் குறுமுகவரி. வாசகர் நம்மிடம் வந்திருக்கிறார், ஆனால் இன்னும் டிக்குக்குள்தான் இருக்கிறார். எதிர்ப்பு பலமாக இருந்ததால் ஓராண்டில் அதைக் கைவிட்டார்கள். ஆனாலும் அதில் தெரிந்த திசை முக்கியம். அனுப்பி வைப்பதே வேலை என்று தொடங்கிய தளம், அனுப்பாமல் தன்னிடமே வைத்துக்கொள்ள முயன்றது.

2010 ஆகஸ்ட் 25 அன்று நான்காம் பதிப்பு வெளியானது. பெரிய பதிப்பகங்கள் தங்கள் செய்திகளைத் தானியங்கியாக டிக்கில் போட வழி திறந்தது. பிடிக்காத பதிவைப் புதைக்கும் பொத்தான் காணாமல் போனது. தேடித் தேடி லிங்க் போட்டவர்களுக்கு இனி அங்கே என்ன வேலை? கோபத்தில் உறுப்பினர்கள் ரெடிட் லிங்க்குகளையே ஓட்டுப் போட்டு டிக்கின் முன்பக்கத்தை நிரப்பினார்கள். பெரும் கூட்டம் ரெடிட்டுக்குக் குடிபெயர்ந்தது. 2012 ஜூலையில் பீட்டாவொர்க்ஸ் நிறுவனம் டிக்கின் பெயரையும் தளத்தையும் சுமார் 5 லட்சம் டாலருக்கு வாங்கியதாகச் செய்தி வந்தது. காப்புரிமைகளும் ஊழியர்களும் தனித்தனியே வேறு இடங்களுக்குப் போனார்கள். 2025 மார்ச்சில் கெவின் ரோஸும், ஒருகாலத்தில் எதிர் அணியில் இருந்த அலெக்சிஸ் ஒஹானியனும் சேர்ந்து அதைத் திரும்ப வாங்கினார்கள்.

மற்றவையும் நிலைக்கவில்லை. நெட்ஸ்கேப் சோதனை புரொப்பெல்லர் என்று பெயர் மாறி 2010ல் நின்றது. ஸ்டம்பிள்அப்பான் 2018 ஜூன் 30 அன்று மூடப்பட்டது. ஒரே தளத்தில் வாங்கிய பேரும் புள்ளியும் அந்தத் தளம் இருக்கும் வரைதான்.

கமிஷன் யாருக்கு என்ற சண்டை

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் பகுதி இது. தளங்கள் அஃபிலியேட் லிங்க்கை வெறுக்கின்றன என்று பொதுவாகச் சொல்வார்கள். பதிவேடுகளைப் பார்த்தால் படம் வேறு மாதிரி இருக்கிறது.

செய்தித் தளம் இல்லாவிட்டாலும், படங்களைச் சேர்த்துப் பகிரும் பின்ட்ரெஸ்ட் இதற்கு நல்ல உதாரணம். 2012 தொடக்கத்தில் உறுப்பினர்கள் போட்ட சாதாரணக் கடை லிங்க்குகளில் அந்தத் தளமே ஸ்கிம்லிங்க்ஸ் என்ற சேவை மூலம் தன் கமிஷன் குறியைச் சேர்த்துக்கொண்டிருந்தது வெளியே தெரிந்தது. சொல்லாமல் செய்ததுதான் பிரச்சினையானது, பிறகு நிறுத்திக்கொண்டார்கள். 2015 பிப்ரவரியில் உறுப்பினர்கள் போடும் அஃபிலியேட் லிங்க்குகளை மொத்தமாகத் தடை செய்தார்கள். குறி நீக்கப்பட்டது, லிங்க் மட்டும் மிஞ்சியது. அதை நம்பிப் பிழைத்தவர்களின் வருமானம் அந்த அறிவிப்போடு நின்றது. 2016 மே மாதம், ஸ்பேமைப் பிடிக்கும் வசதி மேம்பட்டிருக்கிறது என்று சொல்லித் தடையை நீக்கினார்கள். ஒரே தளம், நான்கு வருடத்தில் மூன்று நிலைப்பாடு.

அடுத்த மாதமே, 2016 ஜூனில், ரெடிட் ஒரு சோதனையை அறிவித்தது. உறுப்பினர்கள் பகிரும் கடை லிங்க்குகளில் விக்லிங்க் என்ற சேவை வழியாகத் தானே கமிஷன் குறி சேர்க்கும் திட்டம் அது. இந்த முறை முன்கூட்டியே சொன்னார்கள், விரும்பாதவர்கள் விலகிக்கொள்ளவும் வழி வைத்தார்கள். அதே ரெடிட்டில் எத்தனையோ குழுக்களில் உறுப்பினர் தன் குறியோடு லிங்க் போட்டால் பதிவு உடனே நீங்கும். ஆட்டோமாடரேட்டர் என்ற கருவியில் ஒரு வரி விதி எழுதினால் போதும். முகவரியில் கமிஷன் குறியின் அடையாளம் தெரிந்த நொடியில், மனிதக் கண் படும் முன்பே பதிவு போய்விடும். குறுமுகவரிகளும் அப்படித்தான் மாட்டும். ஸ்லிக்டீல்ஸ் போன்ற சலுகை பகிரும் தளங்களில் இது இன்னும் வெளிப்படை. உறுப்பினர்கள் சலுகையைத் தேடிப் பகிர்வார்கள், ஓட்டுப் போடுவார்கள். கமிஷன் தளத்துக்குப் போகும்.

குழுக்களைக் கவனித்துக்கொள்ளும் மாடரேட்டர்களின் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. கமிஷன் இருக்கும் இடத்தில் பரிந்துரையின் நேர்மை சந்தேகத்துக்குள்ளாகும். பத்துப் பேர் பத்து லிங்க்கோடு வந்தால் குழுவே சந்தையாகிவிடும். சம்பளம் வாங்காமல் அந்த இடத்தைச் சுத்தமாக வைத்திருப்பவர்கள் அவர்கள். அவர்கள் விதியை மதிக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. தளத்தை நடத்தும் நிறுவனத்தின் கணக்கு வேறு. கமிஷனில் அதற்கு ஆட்சேபம் இல்லை, அது யார் பெயரில் வருகிறது என்பதில்தான் அக்கறை. இதைத் தெரிந்துகொண்டால், பதிவிலேயே குறியோடு லிங்க் போடும் வழி நெடுநாள் ஓடாது என்பது தானாகவே புரியும்.

கள்ள வழிக்குப் போனவர்கள் கதையும் பதிவாகியிருக்கிறது. லிங்க்கை யாரும் அழுத்தாமலேயே வந்தவர்களின் பிரவுசரில் குறியைத் திணிப்பதற்குக் குக்கீ ஸ்டஃபிங் என்று பெயர். ஈபேயின் அஃபிலியேட் திட்டத்தில் முன்னணியில் இருந்த இருவர் இப்படிச் செய்ததாக 2008ல் ஈபே வழக்குப் போட்டது. அது குற்ற வழக்காகவும் மாறி, 2014ல் இருவரும் சிறைத்தண்டனை பெற்றார்கள்.

பணம் நின்ற இடம்

சரி, யாரிடம் பணம் நின்றது? தன் பக்கத்தில் உண்மையான வேலையைச் செய்து வைத்துவிட்டு, பகிரும் தளங்களை வாசலாக மட்டும் பயன்படுத்தியவர்களிடம். பெரிய உதாரணம் வயர்கட்டர். பிரையன் லாம் 2011ல் தொடங்கியது. ஒவ்வொரு வகையிலும் பல பொருள்களைச் சோதித்து, பெரும்பாலானவர்களுக்கு எது போதும் என்று ஒரு பதில் சொல்வது அதன் முறை. வருமானத்தில் பெரும்பகுதி அஃபிலியேட் கமிஷன். 2016 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் அதை, கூடவே இருந்த ஸ்வீட்ஹோம் தளத்தையும் சேர்த்து, சுமார் 3 கோடி டாலருக்கு வாங்கியது. கிளிக் எங்கிருந்து வந்தாலும் வாசகர் கடைக்கு முன் கடைசியாகப் படித்தது அவர்கள் பக்கத்தை.

தனி ஆள் இதைச் சின்ன அளவில் எப்படிச் செய்வது? ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். விசைப்பலகை ஆர்வலர்கள் கூடும் ஒரு குழுவில் ஒருவர் கேட்கிறார்: “பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது. இரவில் தட்டச்சு செய்ய, சத்தம் வராத விசைப்பலகை எது?” இதற்கு வரும் மோசமான பதில், ஒரு பொருள் பெயர், ஒரு லிங்க். சுமாரான பதில், விற்பனைப் பக்கத்தில் இருக்கும் சிறப்பம்சங்களின் பட்டியல். நல்ல பதில் அங்கேயே முழுசாக உதவும், இப்படி: “மூன்றைப் பயன்படுத்திப் பார்த்தேன். முதலாவதில் எழுத்து விசைகள் அமைதி, ஆனால் ஸ்பேஸ் பார் கடகடக்கிறது, அதுதான் இரவில் கேட்கும். இரண்டாவது நல்ல அமைதி, ஆனால் விரல் அழுத்தம் அதிகம் தேவை, நாள் முழுக்க அடிப்பவருக்குச் சரிவராது. மூன்றாவது விலை கூட, உங்கள் தேவைக்கு அவ்வளவு வேண்டாம்.” இந்த அளவு எழுதிய பிறகு, ஒலிப்பதிவோடு விரிவான ஒப்பீடு என் பக்கத்தில் இருக்கிறது, அதில் அஃபிலியேட் லிங்க் உண்டு என்று சொல்லி முகவரி தரலாம், குழுவின் விதி அனுமதித்தால். அனுமதிக்காவிட்டால் பதிலை மட்டும் விட்டுவிட்டு வர வேண்டும். லிங்க் இல்லாத அந்தப் பதிலுக்கும் பலன் உண்டு. அடுத்த முறை வேறு யாராவது நம் பக்கத்தைத் தாங்களே பகிர்வார்கள். நாமே பகிர்வதை விட அதற்கு மதிப்பு அதிகம்.

இதற்குப் பின்னால் நடப்பதையும் கவனிக்க வேண்டும். கீழே ஒருவர் வந்து, “புதிதாக வருகிற விசைப்பலகைகளில் ஸ்விட்சை மாற்றிவிட்டார்கள், இப்போது அவ்வளவு அமைதி இல்லை” என்பார். அந்தத் தகவல் எந்த விற்பனைப் பக்கத்திலும் கிடைக்காது. நன்றி சொல்லி, சரிபார்த்து, நம் பக்கத்தில் அன்றே திருத்தம் போட்டால் பக்கம் உயிரோடு இருக்கும். முன்பக்கத்துக்கு ஓடுகிறவர்கள் இழப்பது இதைத்தான்: தங்களை விட அதிகம் தெரிந்தவர்கள் இலவசமாகத் தரும் திருத்தம்.

நீண்ட காலப் பலன் தேடல் வழியாக வருகிறது. பொருள் பெயரோடு ரெடிட் என்றும் சேர்த்துத் தேடும் பழக்கம் பரவியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் கூகுளும் ரெடிட்டும் உள்ளடக்க ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் மதிப்பு ஆண்டுக்குச் சுமார் 6 கோடி டாலர் என்று செய்தி வந்தது. ஒரு பழைய கேள்வியின் கீழ் இருக்கும் நல்ல பதிலை மாதக்கணக்கில் புதியவர்கள் படிக்கிறார்கள். இதை மோப்பம் பிடித்துப் பழைய இழைகளில் போலிப் பரிந்துரைகளைத் திணிக்கும் கூட்டமும் வந்துவிட்டது. மாடரேட்டர்கள் முன்னைவிடக் கடுமையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நேர்மையாக எழுதுகிறவர் தன்னை அந்தக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. கணக்கின் பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தால் லிங்க் இல்லாத உரையாடல்கள் நிறைய இருக்க வேண்டும். பத்தில் ஒன்றுக்கு மேல் நம் சொந்தச் சரக்காக இருக்கக் கூடாது என்று ரெடிட் ஒருகாலத்தில் வழிகாட்டியது. இன்றும் அதைக் கடைப்பிடிப்பது பாதுகாப்பு. ஹேக்கர் நியூஸின் வழிகாட்டுதலும் தளத்தை முதன்மையாக விளம்பரத்துக்குப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது.

கமிஷன் வாங்குவதை வெளிப்படையாகச் சொல்வது மரியாதைக்காக மட்டும் செய்வதில்லை. எஃப்டிசி என்று அறியப்படும் அமெரிக்க வர்த்தக ஆணையம் 2009ல் தன் வழிகாட்டுதலைத் திருத்தி, பரிந்துரைப்பவருக்குப் பொருளோடு பணத் தொடர்பு இருந்தால் சொல்ல வேண்டும் என்று தெளிவாக்கியது. 2023ல் மேலும் இறுக்கியது. வேறு நாடுகளிலும் இதுபோன்ற விதிகள் உண்டு. அமேசான் தன் ஒப்பந்தத்திலேயே இதற்கென ஒரு வாசகத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒளித்து வைத்தால் போதாது. முதல் லிங்க்குக்கு முன்னால், படிக்கிறவர் கண்ணில் படும் இடத்தில், ஒரு எளிய வாக்கியமாக இருக்க வேண்டும். மறைத்து வைத்துப் பிடிபட்டவரைச் சமூகம் மன்னிப்பதில்லை. தொடக்கத்திலேயே சொன்னவரிடம் யாரும் சண்டைக்கு வருவது குறைவு.

கடைக்காரரும் விதியை மாற்றுவார் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். 2020 ஏப்ரலில் அமேசான் பல வகைகளின் கமிஷனை வெட்டியது. மரச்சாமான், வீட்டுப் பராமரிப்புப் பொருள்களுக்கு 8 சதவீதம் 3 ஆனது. மளிகை 5 சதவீதத்திலிருந்து 1 ஆனது. 300 டாலர் நாற்காலி ஒன்றுக்கு 24 டாலர் வந்த இடத்தில் 9 டாலர். அதே வேலை, அதே வாசகர்கள். ஒரே கடையை நம்பியவர்களுக்கு மாற்று வழி இல்லை. தயாரிப்பாளரோடு நேரடியாகவோ வேறு அஃபிலியேட் நெட்வொர்க் வழியாகவோ ஒப்பந்தம் வைத்திருந்தவர்கள் லிங்க்கை மாற்றிக்கொண்டார்கள். லிங்க் தங்கள் பக்கத்தில் இருந்ததால் ஓரிடத்தில் மாற்றினால் போதுமாக இருந்தது. பழைய பதிவுகளில் நூறு இடத்தில் சிதறிக் கிடந்தவர்களால் அதைச் செய்யவே முடியவில்லை.

தொடங்குகிறவர் முதலில் செய்ய வேண்டியது

பகிரப்போகும் ஒவ்வொரு குழுவின் விதிப் பக்கத்தையும் படிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மாடரேட்டரிடம் கேட்டுவிட வேண்டும். அப்புறம், எந்தத் தளத்திலிருந்து வந்தவர் வாங்கினார் என்று பிரித்துப் பார்க்கத் தளத்துக்கு ஒன்றாகத் தனிக் கண்காணிப்புக் குறி வைத்துக்கொள்ள வேண்டும். அமேசான் ஒரே கணக்கில் பல குறிகளை அனுமதிக்கிறது. ஒவ்வொரு வாசலுக்கும், அங்கிருந்து வருகிறவர் முதலில் பார்க்க நம் தளத்தில் ஒரு தனி இறங்குபக்கம், அதில் அந்த வாசலுக்குரிய குறி என்று பிரித்துவிட்டால் குழப்பம் இருக்காது.

அறிக்கையைப் பார்க்கும்போது பதிவிட்ட அன்றைய கிளிக் எண்ணிக்கையை ஓரமாக வைத்துவிடலாம். மூன்று மாதம் கழித்து அதே பக்கத்துக்கு யார் வந்துகொண்டிருக்கிறார்கள், வந்தவர்களில் எத்தனை பேர் கடைக்குப் போனார்கள், எத்தனை ஆர்டர் திரும்பி வந்தது என்ற மூன்றையும் பாருங்கள். திரும்பி வந்த ஆர்டர் அதிகம் இருந்தால் பரிந்துரையில் பிழை இருக்கிறது. எழுதியதைத் திருத்த வேண்டும், வேறு பொருளை மீண்டும் சோதிக்க வேண்டும். கிளிக் நிறைய, ஆர்டர் இல்லை என்றால் தவறான குழுவில் பகிர்கிறோம். ஆர்டர் கொஞ்சம், ஆனால் மாதாமாதம் நிற்காமல் வருகிறது என்றால் அடுத்த பக்கத்தை அந்தக் குழுவின் கேள்விகளைப் பார்த்து எழுதத் தொடங்கலாம்.